தெருவும் கமராவும்

கிழக்கிலங்கையின் கரையோர நகரான கல்முனைக்கு மேற்கே, வயல்வெளிகளுக்கு அப்பால், நாவிதன்வெளிப் பிரதேசத்தில் சொறிக்கல்முனை என்னும் சிற்றூர் உண்டு. அங்குள்ள திருச்சிலுவைத் திருத்தலம் பெயர் பெற்றது. அதன் திருவிழா செப்டெம்பர் மாதத்தில் நிகழும். அந்நாளில் ஊரவரும், அயலூர்களிலிருந்து நேர்த்திக்கடனோடு வருவோரும் கோயிற் சுற்றாடலில் நிறைந்து நிற்பர்.

அக்கூட்டத்தில் ஒரு தாய் மண்ணில் முழந்தாளிட்டு, கைகளை விரித்து, கண்ணீர் வடிய இறைஞ்சுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய துயரம் இன்னதென்று அவளும் இறைவனுமே அறிவர். சற்றுத் தொலைவில் நிற்கும் இளைஞர் ஒருவர் தம் கைத்தொலைபேசியை உயர்த்துகிறார். ஒரு நொடியில் படம் பதிந்துவிடுகிறது. ஒளியும் நிழலும் பொருந்திய நல்ல படம். அன்றிரவே அது ஆயிரம் பேர் கைகளுக்குப் போய்ச் சேருகிறது. அவள் இருந்த இடம் பலரும் நடமாடும் பொதுவிடந்தான். அவளை யாரும் தீண்டவில்லை. அவளுடைய பொருள் எதனையும் கவரவில்லை. ஆயினும் மறுநாட் காலையில் அவள் கடைத்தெருவுக்குச் செல்லும்போது எதிர்ப்படுவோர் அனைவரும் அவளுடைய கண்ணீரை முன்னமே கண்டிருக்கின்றனர். அவ்விளைஞர் செய்தது தவறா?

இவ்வினா கைத்தொலைபேசியோடு பிறந்ததன்று. புகைப்படக் கலை தோன்றிய நாள்தொட்டு அது நம்மைத் தொடர்ந்து வருகிறது. 1838ஆம் ஆண்டில் லூயி டகேர் என்பவர் பரிஸ் மாநகரில் உயரமான சாளரம் ஒன்றிலிருந்து ஒரு வீதியைப் படம்பிடித்தார். அக்காலத் தகடு ஒளியை ஏற்பதற்குப் பல நிமிடங்கள் வேண்டியிருந்தன. ஆதலின் ஓடிய வண்டிகளும் நடந்த மாந்தரும் தகட்டிற் பதியாது மறைந்தனர். சனசந்தடி மிக்க அவ்வீதி படத்தில் ஆளரவமற்றுக் கிடக்கிறது. ஆயினும் ஒரு மூலையில், பாதணியைத் துலக்குவதற்குக் காலை நீட்டியபடி அசையாது நின்ற ஒருவர் மட்டும் பதிந்துவிட்டார். புகைப்படத்திற் பதிந்த முதல் மனிதர் அவரே என்று கருதுவர். தாம் படமானதை அவர் அறியார். அவர் பெயரை உலகம் அறியாது. எடுத்தவரின் பெயர் நிலைத்தது. நின்றவரின் பெயர் மறைந்தது. இவ்விருவருக்கும் இடையே உள்ள அந்த ஏற்றத்தாழ்வே பிற்கால வழக்குகள் அனைத்துக்கும் வித்து.

அடுத்த அரை நூற்றாண்டுக் காலம் கமரா பெரிய மரப்பெட்டியாகவே இருந்தது. முக்காலியை ஊன்றி, கருந்துணியால் தலையை மூடிக்கொண்டு, எதிரே இருப்பவரை அசையாதிருக்கச் சொல்லியே படம் எடுக்க வேண்டியிருந்தது. ஒருவர் அறியாமல் அவர் முகத்தைக் கவர்ந்து செல்வது அன்று அரிது. ஆயினும் அறிவது வேறு, இசைவது வேறு. ஆளுவோர் இருக்கச் சொன்னால் ஆளப்படுவோர் இருந்தே ஆகவேண்டிய காலம் அது. 1868ஆம் ஆண்டு முதல் 1875ஆம் ஆண்டு வரையில், ‘இந்திய மக்கள்’ என்ற பொருள்படும் பெயரோடு எட்டுத் தொகுதிகள் இலண்டனில் வெளியிடப்பட்டன. அவற்றில் நானூறுக்கு மேற்பட்ட படங்கள் இருந்தன. ஒவ்வொரு படத்தின் அருகிலும் இன்ன சாதியார், இன்ன இயல்பினர் என்று எழுதப்பட்டது. அங்கே முகம் ஓர் ஆளின் முகமாக இருக்கவில்லை. ஒரு வகையின் மாதிரியாக இருந்தது.

இலங்கையிலும் இதுவே நடந்தது. ஸ்கீன், ஸ்கோவன், பிளேட்டே ஆகியோர் நடத்திய படப்பிடிப்பு நிலையங்கள், கப்பலேறி வந்த வெள்ளையர் வாங்கிச் செல்வதற்காக எண்ணிறந்த படங்களை எடுத்து விற்றன. பின்னர் அப்படங்கள் அஞ்சலட்டைகளிலும் ஏறின. ‘தமிழ்ப் பெண்’, ‘சோனகர்’, ‘ரொடியப் பெண்’ என்பனவே அவற்றின் தலைப்புகள். காதிலும் மூக்கிலும் நகையணிந்து நாணத்தோடு நோக்கும் அப்பெண் யார், எவ்வூரார், யாருடைய மகள் என்பது அட்டையில் இல்லை. அவ்வட்டை எத்தனை நாடுகளுக்குச் சென்றதென்று அவளுக்கும் தெரிந்திராது.

இதற்கு மற்றுமொரு சான்று உண்டு. யூலியா மார்கரட் கமரன் அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த படப்பிடிப்பாளருள் ஒருவர். 1815ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்து, இங்கிலாந்தில் புகழ் பெற்று, 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879இல் இந்நாட்டிலேயே மறைந்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த டெனிசன், டார்வின், ஹேர்ஷல் முதலிய பெரியோரின் படங்களில் அவரவர் பெயர் விளங்குகிறது. இலங்கையில் அவர் எடுத்த படங்களிலோ களுத்துறைக் குடியானவர்களும் தோட்டத் தொழிலாளரும் பெயரின்றியே நிற்கின்றனர். 1877இல் அவரைக் காணவந்த ஓவியர் மரியான் நோர்த், ஒரு செய்தியை எழுதிவைத்தார். ஒரு தொழிலாளியின் முதுகழகில் மனத்தைப் பறிகொடுத்த கமரன் அம்மையார், அவரைத் தோட்டக்காரராக அமர்த்திக்கொள்ளுமாறு தம் மகனை வற்புறுத்தினாராம். அங்கே தோட்டமே இருக்கவில்லை. அம்மையார் கொடியவர் அல்லர். அழகை உண்மையாகவே நேசித்தவர். ஆயினும் அந்நேசம் முதுகைக் கண்டது, பெயரைக் கேட்கவில்லை. கலைஞரின் அன்பும் எதிரே இருப்பவரை மறந்துவிடக்கூடும் என்பதற்கு இது போதிய எடுத்துக்காட்டு.

1888ஆம் ஆண்டில் நிலைமை தலைகீழாக மாறியது. அமெரிக்கரான யோர்ச் ஈஸ்ட்மன், ‘கொடக்’ என்னும் சிறு கமராவை 25 டொலர் விலைக்குச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதனுள்ளே நூறு படங்களுக்கான சுருள் இருந்தது. முக்காலி வேண்டாம், கருந்துணி வேண்டாம், எதிரே இருப்பவர் அசையாதிருக்க வேண்டிய தேவையும் இல்லை. தெருவிற் செல்வோரும் கடற்கரையில் நீராடுவோரும் தாம் அறியாமலே படமாயினர்.

மக்கள் திகைத்தனர். 1890இல் சாமுவேல் வாரன், லூயி பிராண்டைஸ் என்னும் இரு வழக்கறிஞர்கள் ஹாவர்ட் சட்ட இதழில் ஒரு கட்டுரை எழுதினர். உடலுக்கும் உடைமைக்கும் காவல் இருப்பதுபோல, தன்னைத் தன்பாட்டில் விடுமாறு கேட்கும் உரிமைக்கும் காவல் வேண்டும் என்பது அவர்கள் வாதம். உடனெடுக்கும் படமும் செய்தித்தாளும் கூடிச் செய்யும் தீங்கே அவர்களை எழுதத் தூண்டியவற்றுள் ஒன்று. சிறிது காலத்துள் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு வழக்கு எழுந்தது. மா விற்கும் ஒரு நிறுவனம், இளம்பெண் ஒருத்தியின் படத்தை அவளுடைய அனுமதியின்றி 25,000 விளம்பரத் தாள்களில் அச்சிட்டது. ஊரார் நகையாட, அவள் நோயுற்றுப் படுக்கையில் வீழ்ந்தாள். 1902இல் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம், அத்தகைய உரிமை சட்டத்தில் இல்லையென்று அவளது வழக்கைத் தள்ளியது. மக்கள் கொதித்தனர். மறு ஆண்டிலேயே, அனுமதியின்றி ஒருவர் படத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தலாகாது என்று அங்கே சட்டம் பிறந்தது. அப்பெண் வழக்கில் தோற்றாள். அவள் பொருட்டுப் பிறர் வென்றனர்.

வணிகத்துக்கு வேலி கிடைத்தது. கலைக்கு எது வேலி? 1916இல் போல் ஸ்ட்ராண்ட் என்னும் இளைஞர் நியூயோர்க் தெருவிற் பார்வையற்ற பெண் ஒருவரைப் படம் எடுத்தார். ‘குருடர்’ என்றெழுதிய அட்டை அவர் கழுத்தில் தொங்கியது. தெருவிலே படம் எடுக்கும்போது, வேறு திசையை நோக்குவதுபோன்ற பொய்வில்லை ஒன்றை ஸ்ட்ராண்ட் தம் கமராவிற் பொருத்தியிருந்தார். அப்படம் கலையுலகில் ஒரு மைல்கல் என்று போற்றப்படுகிறது. பார்க்கும் ஆற்றல் இல்லாதவரை, அவர் தம்மைத் திருப்பிப் பார்க்கமுடியாது என்பதை அறிந்தே ஒருவர் பார்த்தார் என்பதும் அதே படத்தின் வரலாறுதான்.

வோக்கர் எவன்ஸ் என்பவரும் மறைவாகவே படம் எடுத்தார். 1938 முதல் 1941 வரையில், மேற்சட்டைக்குள் கமராவை ஒளித்துக்கொண்டு நிலக்கீழ் இரயிலிற் பயணஞ்செய்தோரை அவர் பதிவுசெய்தார். ஆனால் அவற்றை உடனே நூலாக்கவில்லை. ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழித்து, 1966இலேயே அவை நூலாக வெளிவந்தன. அதற்குள் குழந்தைகள் பெரியோராகினர். இளையோர் முகங்கள் மாறின. எடுத்ததிற் குற்றம் காண்போரும், காத்திருந்ததில் ஒரு மரியாதை உண்டென்பதை மறுக்கமாட்டார்.

1936இல் டொரோதியா லாங்கே அம்மையார் எடுத்த படம் ஒன்றை உலகமே அறியும். கலிபோர்னியாவில் பட்டாணி பறிக்கும் கூலியாட்களின் கூடாரத்தில், குழந்தைகள் தோளில் முகம் புதைத்திருக்க, கவலையோடு தொலைநோக்கும் தாயின் படம் அது. லாங்கே அவருடைய பெயரைக் கேட்கவில்லை. செய்தித்தாளிற் படம் வெளிவந்ததும் அரசு அம்முகாமுக்கு உணவனுப்பியது. அதற்குள் அத்தாய் வேலை தேடி வேறிடம் சென்றுவிட்டார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் யாரென்று எவர்க்கும் தெரியாதிருந்தது. புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்று 1978இல் வெளிப்பட்டபோது, அப்படத்தால் தமக்கு ஒரு காசும் கிட்டவில்லை என்று மனம் நொந்து சொன்னார். 1983இல் அவர் நோயுற்றபோது மட்டும், படத்தை நினைந்த மக்கள் 35,000 டொலருக்கு மேல் அனுப்பினர். படம் பலர்க்கு நன்மை செய்தது உண்மை. படத்தில் இருந்தவர் வறுமையின் சின்னமாகவே வாழநாள் முழுதும் நிற்கவேண்டியிருந்ததும் உண்மை.

தெருப்படக் கலையின் ஆசான் எனப் போற்றப்படும் பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்டியே பிரெசோன், காந்தியடிகளின் இறுதி நாட்களையும் 1948இல் நிகழ்ந்த இறுதி யாத்திரையையும் படமாக்கியவர். பிறரை அவர் அறியாமற் படம் எடுப்பதில் அவர்க்கு நிகர் எவருமில்லர். தம்மைப் பிறர் படம் எடுப்பதை மட்டும் அவர் விரும்பவில்லை. முகம் தெரிந்துவிட்டால் தெருவில் மறைந்து நடமாட இயலாது என்பது காரணம். காரணம் நியாயமானதே. ஆனால் தம் முகத்தைத் தாமே காத்துக்கொள்ளும் அவ்விருப்பம் தெருவில் நடந்த மற்றவர்க்கும் இருந்திருக்குமன்றோ?

கமராவோடு அதிகாரமும் சேர்ந்துவிட்டால், விருப்பத்துக்கு இடமே இல்லை. 1960இல், அல்ஜீரிய விடுதலைப் போரின்போது, அடையாள அட்டைக்காகக் கிராம மக்களைப் படம் எடுக்கும் பணி மார்க் கரஞ்சே என்னும் பிரெஞ்சுப் படைவீரர்க்கு இடப்பட்டது. ஏறத்தாழ 2,000 பேரை அவர் படம் எடுத்தார். அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். அயலார் முன் முகங்காட்டி அறியாத முஸ்லிம் பெண்கள் முக்காட்டை நீக்குமாறு பணிக்கப்பட்டனர். அவர்களால் வாய்திறந்து மறுக்க இயலவில்லை; கண்களால் மறுத்தனர். அக்கண்களின் சினம் இன்றும் அப்படங்களில் எரிகிறது. கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் முக்காடிட்டுச் சந்தைக்குச் செல்லும் தாய்மார்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை. தெருவிற்கு வருவதால் ஒருவர் தம் நாணத்தை வீட்டில் விட்டுவிட்டு வருவதில்லை என்பதை அவர்கள் நன்கறிவர்.

பிற்கால நீதிமன்றங்கள் இவ்வினாவிற்கு ஒரே விடை கூறவில்லை. கனடாவின் கியூபெக் மாநிலத்தில், மொன்றியல் நகரக் கட்டடமொன்றின் படியில் அமர்ந்திருந்த பதினேழு வயதுப் பெண்ணின் படம் 1988இல் ஒரு கலை இதழில் வெளியாயிற்று. படத்தில் இழிவேதும் இல்லை. ஆயினும் உடன்பயின்றோர் தன்னைக் கண்டு சிரித்தனர் என்று அவள் வழக்குத் தொடர்ந்தாள். 1998இல் கனடிய உயர்நீதிமன்றம் அவள் பக்கமே தீர்ப்பளித்து, 2,000 டொலர் இழப்பீட்டை உறுதி செய்தது. நியூயோர்க்கிலோ 2006இல் வேறுவிதமான தீர்ப்பு வந்தது. பிலிப் லோர்கா டிகோர்சியா என்னும் கலைஞர், டைம்ஸ் சதுக்கத்தில் மறைவாக விளக்கமைத்து வழிப்போக்கரைப் படம் எடுத்து, கலைக்கூடத்திற் பெருவிலைக்கு விற்றார். அவர்களுள் ஒருவர் ஆசாரம் மிக்க யூத முதியவர். தம் உருவத்தைப் படமாக்கி விற்பது தம் சமயக் கொள்கைக்கு மாறானது என்று அவர் முறையிட்டார். அது கலை, வணிகமன்று, ஆதலிற் குற்றமில்லை என்று நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. ஒரே செயல் ஒரு நாட்டிற் பிழை, மறுநாட்டில் உரிமை. சட்டத்தைக் கேட்டு மட்டும் இவ்விடயத்தில் நெறி காண இயலாது.

இவையெல்லாம் தொலைநாட்டுச் செய்திகள் என்று ஒதுக்கிவிடலாகாது. இந்நாட்டிலேயே, எதிர்த்தரப்பு வாதத்தின் வலிமை முழுவதையும் காட்டும் படம் ஒன்று உண்டு. 1983 ஜூலைக் கலவரத்தின்போது கொழும்பு பொறளையில், ‘அத்த’ என்னும் சிங்கள நாளேட்டின் படப்பிடிப்பாளர் சந்திரகுப்த அமரசிங்க ஒரு படம் எடுத்தார். ஆடை களையப்பட்ட தமிழர் ஒருவர் குந்தியிருக்கிறார். சூழ நிற்போர் களிக்கின்றனர். அம்மனிதரிடம் அனுமதி கேட்க எவரால் இயலும்? அப்படம் மட்டும் இல்லையேல், நடந்ததை நடக்கவில்லை என்று சொல்வது எத்துணை எளிதாயிருந்திருக்கும்! அனுமதி இல்லாத படமெல்லாம் தவறு என்று விதித்தால், கொடியோர்க்கே அவ்விதி பெருந்துணையாகும். ஆயினும் இதிலும் ஒரு துயரம் உண்டு. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அம்மனிதர் உலகின் முன் ஆடையின்றியே இருக்கிறார். சாட்சிக்காக எடுத்த படத்தையும் சாட்சிக்காகவே காட்டவேண்டும். காணும் ஆவலுக்குத் தீனியாகக் காட்டலாகாது.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் காலை கடல் பொங்கியது. இலங்கையில் ஏறத்தாழ 35,000 உயிர்கள் மாண்டன. அம்பாறை மாவட்டமே மிகப் பெரிய இழப்பைக் கண்டது. அங்கு மட்டும் இறந்தோர் தொகை 10,000ஐத் தாண்டியது. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, பாண்டிருப்பு, காரைதீவு எனத் தமிழரும் முஸ்லிம்களும் வாழ்ந்த கரையோரம் முழுவதும் துடைத்தெறியப்பட்டது. சில நாட்களுள் உலகின் பல திசைகளிலிருந்தும் படப்பிடிப்பாளர் வந்தனர். அவர்கள் எடுத்த படங்களைக் கண்டே உலகம் இரங்கியது. பொருளும் மருந்தும் வந்தன. இந்நன்றியை மறத்தலாகாது. அதே வேளையில் தமிழ்நாட்டின் கடலூர்க் கரையில், உறவினரின் உயிரற்ற உடலருகே மண்ணில் வீழ்ந்து கதறும் பெண்ணை ஆர்கோ தத்தா எடுத்த படம், அவ்வாண்டின் உலகப் பத்திரிகைப் பட விருதுகளுள் முதன்மையானதைப் பெற்றது.

ஆனால் அக்கரையில் வாழ்ந்தோர் அறிந்த மற்றொன்று உண்டு. அலை வீட்டை மட்டுமா கொண்டுசென்றது? சுவரில் மாட்டிய திருமணப் படத்தையும், பெட்டியில் வைத்த பிள்ளையின் பள்ளிக்கூடப் படத்தையும் கூடவே கொண்டுசென்றது. இறந்த மகனின் முகத்தைக் காண ஒரு படந்தானும் இல்லாத தாய்மார் இருந்தனர். பிள்ளையின் படம் தாயிடம் இல்லை. அழுத தாயின் படமோ உலகெங்கும் இருந்தது. இதைவிட இவ்வினாவை ஆழமாகக் கேட்பது அரிது.

கல்முனை வைத்தியசாலையில் அப்போது ஒரு கைக்குழந்தை சேர்க்கப்பட்டது. இடிபாடுகளிடையே உயிரோடு கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ இரண்டு மாதக் குழந்தை அது. பதிவேட்டில் அதன் எண் 81. அவ்வெண்ணே அதற்குப் பெயராயிற்று. ஒன்பது தாய்மார் அக்குழந்தைக்கு உரிமை கோருகின்றனர் என்ற செய்தியும் குழந்தையின் படமும் உலகம் முழுவதும் பரவின. உண்மையில் முறைப்படி உரிமை கோரியவர்கள் ஒரே தம்பதியர். பெற்றோரே ஆயினும் பிள்ளையைத் தூக்கிச்செல்ல இயலாது, மரபணுச் சோதனை முடியும்வரை அவர்கள் காத்திருந்தனர். 2005 பெப்ரவரி 14ஆம் நாள், குழந்தை அவர்களுடையதே என்பது கல்முனை நீதிமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. இரு நாட்களின் பின் குழந்தை தாயின் கைக்கு வந்தது. அதனைப் படம் எடுக்கக் கமராக்கள் முண்டியடித்தன. அடுத்த மாதம் அக்குடும்பம் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக நியூயோர்க்குக்கு அழைத்துச் செல்லப்பட்டது.

பின்னர் நடந்ததைப் படம் எடுக்க அத்தனை பேர் வரவில்லை. உலகப் புகழ் பெற்ற குடும்பம் பெரும் செல்வம் பெற்றிருக்கும் என்று அயலார் எண்ணினர். உதவி வழங்குவோரும் இவர்களுக்கு இனித் தேவை இல்லை என்று கருதினர். செல்வமோ வரவில்லை. மனம் வெதும்பிய அக்குடும்பம் ஊரை விட்டு மட்டக்களப்பு மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தது. குழந்தை வளர்ந்து பள்ளிக்குச் சென்றபோது, உடன்பயின்றோர் அவ்வெண்ணைச் சொல்லியே கேலி செய்தனர். பிள்ளை அழுதுகொண்டு வீடு திரும்பிய நாட்களும் உண்டு. ஆழிப்பேரலையின் இருபதாம் ஆண்டு நினைவு வந்தபோது அவர் உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் இளைஞராகிவிட்டார். அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று உண்டு. அது இங்கே கூறப்படாமல் விடப்படுகிறது. அவரைத் தேடி மேலும் ஒருவர் கதவைத் தட்டவேண்டிய அவசியம் இல்லை.

கல்முனையின் அக்குழந்தைக்கு எவரும் தீங்கு நினைக்கவில்லை. படம் எடுத்தோர் தம் கடமையைச் செய்தனர், பார்த்தோர் இரங்கினர். பிழை எங்கே புகுந்தது? எடுத்தவர் விமானமேறிப் போய்விட்டார். எடுக்கப்பட்டவர் அதே தெருவில், அதே அயலவரோடு, அதே பள்ளிக்கூடத்தில் வாழவேண்டியிருந்தது. பரிஸ் வீதியில் நின்றவர் முதல் கலிபோர்னியத் தாய் வரை இவ்வரலாறு முழுவதும் ஓடும் சரடு இதுவே. எடுப்பவருக்குப் படம் ஒரு நொடி. இருப்பவருக்கு அது ஒரு வாழ்நாள்.

இந்நாட்டில், பொதுவிடத்திற் படம் எடுப்பதை முற்றாகத் தடுக்கும் சட்டம் இல்லை. ஒருவரின் மானத்துக்கு வேண்டுமென்றே ஊறு செய்தால் உரோமன் டச்சுச் சட்ட மரபில் நிவாரணம் தேடலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்காக நிறைவேற்றப்பட்டது. ஆயினும் திருவிழாவில் அழுத தாய் நீதிமன்றம் ஏறப்போவதில்லை. ஏறினாலும், தீர்ப்பு வருவதற்குள் படம் ஆயிரங் காதம் சென்றுவிடும். முன்னாளில் படச்சுருளைக் கழற்றி எரித்தால் படம் அழிந்தது. இன்றோ படம் வெளியேறிய பின் எடுத்தவராலும் அதனைத் திருப்பி அழைக்க இயலாது. முகத்தைக் கொண்டு ஆளை இனங்காணும் பொறிகளும் வந்துவிட்டன. பெயரற்றிருத்தல் என்ற பழைய காவலும் தெருவிற் செல்வோர்க்கு இனி இல்லை. 2019 ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின், தேடப்படுவோர் பட்டியலில் அமெரிக்காவிற் பயிலும் அப்பாவி முஸ்லிம் மாணவி ஒருவரின் படம் தவறுதலாக வெளியிடப்பட்டது. பொலிசார் பிழையை ஒப்புக்கொண்டனர். அதற்குள் கொலை மிரட்டல்கள் அவரை வந்தடைந்துவிட்டன.

ஆகவே கமராவை மூடிவைப்பதா நெறி? அன்று. தெருப்படம் இல்லையேல் கரைவலை இழுப்போரின் தோள்வலிமையும், மருதமுனைத் தறியோசைக்கு நடுவே இருந்த வாழ்வும், வட்டையில் வேளாண்மை வெட்டுவோரின் வியர்வையும் வருங்காலத்துக்குக் கிட்டா. அரசர்க்கும் செல்வர்க்கும் ஓவியர் இருந்தனர்; ஏழை எளியோரின் வாழ்வைப் பதிந்துவைத்தது தெருவிற் சென்ற கமராவே. வேண்டுவது தடையன்று, நிதானம்.

படம் எடுப்பவர் தம்மையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். இப்படம் வெளிவந்த மறுநாள், இதில் இருப்பவர் தம் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க இயலுமா? அவரிடம் கேட்க இயலும் நிலையில் இருந்தும் கேட்காமல் விடுகின்றேனா? அவருடைய இடத்தில் என் தாயோ மகளோ இருந்தால், இதனை ஊருக்குக் காட்டுவேனா? பொறளையிற் படம் எடுத்தவர் இக்கேள்விகளுக்கு முகங்கொடுத்திருப்பார். ஏனெனில் அப்படம் படத்தில் இருந்தவரின் பொருட்டே பேசிற்று. பிறர் துன்பத்தை அழகுக்காக மட்டும் எடுத்தவரால் முகங்கொடுத்தல் அரிது. எடுத்தபின்னும் வெளியிடாது வைத்திருத்தல் என்றொரு வழி உண்டு என்பதை, கால் நூற்றாண்டு காத்திருந்த எவன்ஸ் காட்டினார். எடுப்பதற்கு ஒரு நொடி போதும். வெளியிடுவதற்கு அவசரம் ஏதுமில்லை.

மீண்டும் சொறிக்கல்முனைத் திருவிழாவுக்கு வருவோம். அவ்விளைஞர் படத்தை எடுத்துவிட்டார். அதனை அனுப்புவதற்கு முன் சற்றே காத்திருக்கிறார். தாய் எழுந்து, கண்ணைத் துடைத்து, சேலையைச் சரிசெய்துகொண்டு வருகிறாள். இளைஞர் அருகே சென்று, “அம்மா, நீங்கள் கும்பிடும்போது ஒரு படம் எடுத்துவிட்டேன். வைத்திருக்கட்டுமா, அழித்துவிடட்டுமா?” என்று கேட்கிறார். அவள் படத்தை வாங்கிப் பார்க்கிறாள். “அழித்துவிடு மகனே” என்று சொல்லக்கூடும். “எனக்கும் ஒன்று தா” என்றும் சொல்லக்கூடும். எதைச் சொன்னாலும், நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெருவில் நின்ற எத்தனையோ பேரிடம் கேட்கப்படாத கேள்வி அன்று ஒருவரிடமேனும் கேட்கப்பட்டுவிட்டது.